பதில் இழுப்பு

நான் ஓட்டிய கல்லூரி வண்டி அதற்கு முன்னால் ஏதோ ஊரில் டவுன் பஸ்ஸாக ஓடித் தேய்ந்தது. கூரையை ஒட்டி, பின்வாசலில் இருந்து என் தலைக்கு மேல் வரை ஒரு மணிக்கயிறு போகும். கல்லூரிப் பேருந்தில் கண்டக்டர் கிடையாது. ஆனாலும் அந்தக் கயிற்றைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் அதைத் தொடவும் மாட்டார்கள். அந்த ஒரு பிள்ளையைத் தவிர.

அவள் திரேஸ்புரத்தில் ஏறுவாள். அதற்குள் வண்டி முக்கால்வாசி நிறைந்திருக்கும். ஏறியதும் உட்கார மாட்டாள். படியில் யார் காலாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். பிறகு கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள். நான் ஹாரனை லேசாகத் தட்ட வேண்டும். தட்டினால்தான் உட்காருவாள். மறந்தால் இன்னொரு இழுப்பு வரும். ஊருக்குள் எந்த நிறுத்தம் வந்தாலும் இதே கதைதான்.

"கேட்டுச்சு பிள்ள, உக்காரு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"வாயால சொல்லுறது வேற அண்ணாச்சி. இழுத்தா திருப்பி ஒண்ணு வரணும். அப்பதான் அங்கன ஆளு இருக்குன்னு அர்த்தம்."

"நான் இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

"அதெல்லாம் போகும்" என்றாள். சிரிக்கவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் ஓட்டல், லாரியில் கிளீனர், திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் அறை காட்டும் வேலை என்று சுற்றிவிட்டு இந்த வண்டிக்கு வந்திருந்தேன். எந்த ஊரிலும் என் பாய் ரொம்ப நாள் விரிந்து கிடந்ததில்லை. எத்தனையோ முதலாளிகளின் முகம் மறந்துபோனது. இந்தப் பிள்ளையின் கை மறக்கவில்லை.

எதையும் அவள் சட்டென்று விட்டுவிட மாட்டாள். கேன்டீனில் டீ கிளாஸை ஒருத்திக்கு நீட்டினால், வாங்குகிறவள் நன்றாகப் பிடித்துவிட்டாள் என்று தெரியும்வரை இவள் விரல்கள் கிளாஸில்தான் இருக்கும். "பிடிச்சாச்சா?" என்று கேட்பாள். குடை கொடுத்தாலும் கேட்பாள். ஜெராக்ஸ் தாள் கொடுத்தாலும் கேட்பாள்.

"ஏளா விடுளா, நான் என்ன கைக்குழந்தையா?" என்று முத்துலட்சுமி கத்துவாள்.

முத்துலட்சுமிதான் அவளுக்கு நெருங்கிய தோழி. மில்லர்புரத்துப் பெண். வாய் ஓயாது, மனசில் ஒன்றும் இருக்காது. இருவரும் எம்.ஏ. சமூகவியல். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் வண்டியில்தான் வருவார்கள். பாலினமும் சமூகமும் என்று அவர்களுக்கு ஒரு பாடம் இருந்தது. பரீட்சை நெருங்கினால் வண்டி முழுக்க அதே சத்தம். பால் என்பது பிறப்பில் வருவது, பாலினம் என்பது சமூகம் கட்டுவது. முன்பக்கம் பெண்கள் ஒப்பிப்பார்கள், பின்பக்கம் ஆண்கள் ஒப்பிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள் என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் உட்காருவார்கள். நடுவில் டயருக்கு மேலே உள்ள சீட்டு, கால் நீட்ட முடியாது என்பதால், பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அந்தப் பிள்ளை அதில்தான் உட்காருவாள். மணிக்கயிறு அங்கே கைக்கு எட்டும்.

ஒருநாள் பின்னால் இடமில்லாமல் ஜெரின் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஜெரின் நாசரேத் பக்கத்துப் பையன். வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தான். பேச்சுப் போட்டி என்றால் கல்லூரி அவனைத்தான் அனுப்பும். பெண் விடுதலையைப் பற்றிப் பேசி அவன் வாங்கிய கோப்பைகள் துறை அலமாரியில் நிற்கின்றன. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டான்.

"நீ உக்காரு, நான் நின்னுக்கிடுதேன்."

"ஏன், இடந்தான் இருக்குலா?"

"இல்ல, பாக்கிறவங்க உன்னத்தான் தப்பா நினைப்பாங்க."

"அதைத்தான சமூகம் கட்டினதுன்னு நேத்து போர்டுல எழுதுன?"

வண்டியே சிரித்தது. "ஏலே ஜெரினு, மாட்டிக்கிட்டியால?" என்று பின்னால் இருந்து விசில் வந்தது. ஜெரினும் சிரித்தான். ஆனால் கல்லூரி வரை நின்றுகொண்டேதான் வந்தான். நல்ல பையன். ரோட்டில் மூட்டையோடு வயசான பொம்பளை நின்றால் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னிடம் மன்றாடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்காது என்று சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை அந்த வகுப்பு களப்பணிக்குப் போனது. கடற்கரைக் குடும்பங்களில் முடிவெடுப்பது யார், வரவு செலவு யார் கையில் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். திரேஸ்புரம் கடற்கரைக்குத்தான் போனோம். அந்தப் பிள்ளை வரவில்லை. சனிக்கிழமை வீட்டில் வேலை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், சங்கு குளிக்கப் போன படகுகள் திரும்பின. அதில் ஒன்றில் அவள் நின்றாள். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை. தலையில் துண்டு. தோளில் மஞ்சள் நிற ஓஸ் வளையம் வளையமாகக் கிடந்தது. படகு தரை தட்டியதும் முழங்கால் தண்ணீரில் குதித்து, ஓஸின் ஒரு நுனியை அப்பாவிடம் நீட்டினாள். "பிடிச்சாச்சா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

பிள்ளைகளின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன.

அவளுடைய அப்பா ஒடிசலான ஆள். நெஞ்சுக்கூடு மட்டும் அகலம். காது சரியாகக் கேட்காததால் சத்தமாகப் பேசுவார். ஜெரின் அவரிடம் போய் மரியாதையாகக் கேட்டான், இந்த வேலைக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புகிறீர்கள் என்று.

"நான் எங்க அனுப்புனேன், அவளா ஏறுனா" என்றார். "எங்கள்ல மாப்பிள்ள முங்குனா மச்சான்தான் மேல இருந்து பிடிப்பான். முத்து குளிச்ச காலத்துல கயிறு. இப்ப மூச்சுக் காத்துக்குக் கம்ப்ரசரு, ஓஸு. அக்கா தாலிக்காவ வேண்டியாவது மச்சான் கண்ணு அசர மாட்டான்லா, அதுக்குத்தான். என் மச்சானுக்குக் கை விளங்காமப் போச்சு. கூலிக்கு ஒருத்தன் வந்தான். அவன் வெத்தலை போட அந்தப் பக்கம் திரும்புனான், இங்கன ஓஸு மடங்கிருச்சு. தப்பிச்சது மாதா புண்ணியம். மறுவாரம் இவ வந்து படகுல உக்காந்துட்டா. எறங்குளான்னேன். எறங்கல. அதுல இருந்து இவளுக்குக் காலேஜு இல்லாத நாளாப் பாத்துத்தான் முங்குதேன்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"முன்னதான் பயம். கீழ இருந்து நான் ஒரு இழுப்பு இழுப்பேன், நல்லா இருக்கேன்னு. மேல இருந்து ஒண்ணு வரும், நானும் இருக்கேன்னு. என் மச்சான் கொஞ்சம் யோசிச்சுத்தான் இழுப்பான். இவ உடனே இழுப்பா."

எனக்கு மணிக்கயிறு ஞாபகம் வந்தது.

அவளுடைய அம்மா கடற்கரையில் சங்கைத் தரம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "என் தாலிய என் மகதான் பிடிச்சிருக்கா" என்றார், தலையை நிமிர்த்தாமல். அந்தப் பிள்ளை எங்கள் பக்கம் வந்தாள். எல்லோரும் பார்ப்பதால் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

"போனா இழக்கப் போறது யாரோ அவங்கதான் பிடிக்கணும்னுதான மச்சானப் பிடிக்க வச்சாங்க?" என்று முத்துலட்சுமியிடம் சொன்னாள். "இழக்கப் போறது அம்மாவும் நானும்லா. எங்களுக்குப் பதிலாத்தான் மாமா பிடிச்சாவ. இப்ப நானே பிடிக்கேன்."

வகுப்பில் சொல்லியிருந்தால் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். அங்கே போனில் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் இல்லை. அதனால் பேச்சு தாராளமாக நடந்தது. "பாவம்லா", "ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடுன்னா இதான் கதி", "கை ரெண்டும் பாத்தியா, காய்ச்சுப் போயிருக்கு", "நாளைக்கு எவன் கட்டுவான்?" இதில் பாதி பெண்கள் சொன்னது. ஜெரின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் வண்டியில் ஏறி, கயிற்றை இழுத்து, நான் ஹாரன் தட்டி, உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்கள்.

"அந்த நேரத்துலயும் போவியாளா?" என்று முத்துலட்சுமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த நேரத்துல நீ காலேஜுக்கு வரல?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? ஒன்னால அவ்வளவு பாரம் இழுக்க முடியுமா?"

"ஆள யாரும் இழுக்கதில்லை. ஓஸு மடங்காமப் பாக்கணும், சிக்காமப் பாக்கணும், அவ்வளவுதான். கண்ணுதான் வேணும்."

ஜெரின் எழுந்து வந்து நின்றான். "உனக்கு நாங்க ஏதாவது செய்யணும்னு நினைக்கோம். உங்க ஊர் கமிட்டில பேசி ஒரு ஆள் ஏற்பாடு பண்ணலாம். நீ நிம்மதியா படிக்கலாம்."

"வேண்டாம்."

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்லல. வேண்டாம். பாலினம் கட்டினதுன்னு நீங்கதான சொல்லிக் குடுக்கீங்க. அப்புறம் என்ன?"

பின்சீட்டில் இருந்து ஒருத்தன், "அது பேப்பரு மக்கா, இது உசுரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஜெரினும் முத்துலட்சுமியும் இன்னும் சிலரும் கல்லூரி முடிந்ததும் வண்டியிலேயே இருந்தார்கள். அன்று அவள் காய்ச்சல் என்று வரவில்லை. திரேஸ்புரம் போக வேண்டும், துறையில் சொல்லிவிட்டோம் என்றான் ஜெரின். பாடம் நடத்தும் அம்மா, அவளிடம் கேட்டீர்களா என்று கேட்டாராம். கேட்டோம் என்று சொன்னார்களாம். அது பொய்யில்லை.

போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். "தம்பி, அந்தப் பிள்ளை வேண்டாம்னுல்லா சொல்லிச்சு" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றான் ஜெரின், ரொம்ப அன்பாக. "பொம்பளப் பிள்ளைங்க வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. நாமதான் புரிஞ்சுக்கிடணும்."

முத்துலட்சுமி தலையாட்டினாள். "ஆமாண்ணே, நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் மாட்டேன் என்றால் ஆட்டோவில் போயிருப்பார்கள்.

கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டிடம்தான் ஊர் கமிட்டி கூடுகிற இடம். தலைவர் ஐஸ் வியாபாரம் செய்கிறவர். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெரின் அழகாகப் பேசினான். ஒரு பெண் படும் துன்பத்துக்கு ஊரே பொறுப்பு என்றான். சகோதரன் இல்லாத பெண்ணுக்கு ஊர் சகோதரனாக இருக்க வேண்டாமா என்று கேட்டான். முத்துலட்சுமி போனில் அவள் கையைக் காட்டினாள். வண்டியில் அவள் தூங்கும்போது எடுத்த படம்.

தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்களுக்குத் தெரியாம இல்ல தம்பி" என்றார். "தெரியாத மாதிரி இருந்தோம். அந்தப் பிள்ளை போறா, அவ அப்பன் நல்லபடியா வாறான், நமக்கென்னன்னு இருந்தோம். இங்க வந்து சொன்னாத்தான் அது சங்கதி. யாரும் வந்து சொல்லல, நாங்களும் கேக்கல. இப்ப நீங்க வந்து சொல்லிட்டிய. அதுவும் வெளியில இருந்து வந்து, படிச்ச பிள்ளையளு. இனி நாங்க தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்லா?"

இதை ஜெரின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். படகு அவருடையது இல்லை. படகுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இனிமேல் சங்குப் படகில் பொம்பளை ஏறக் கூடாது, ஓஸ் பிடிக்க படகுக்காரரின் தங்கை மகன் வருவான் என்று சொன்னார்கள். அவர் காதைக் கையால் குவித்துக் கேட்டுக்கொண்டார். "சரி அண்ணாச்சி" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். கோபம் எல்லாம் இல்லை. முன்பின் தெரியாத ஊரில் பாதை கேட்கிறவன் முகம் போல இருந்தது.

வண்டியில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். முத்துலட்சுமி கேக் வாங்கலாமா என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். ஏறினாள். படியைப் பார்த்தாள். கயிற்றை இழுத்தாள். நான் ஹாரன் தட்டினேன். அவள் உட்காரவில்லை. நேராகப் பின்னால் ஜெரினிடம் போனாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்லா?"

"உனக்காகத்தான். உன்னக் காப்பாத்தணும்னுதான்."

"எதுல இருந்து?"

ஜெரின் உண்மையாகவே யோசித்தான். "கஷ்டத்துல இருந்து" என்றான்.

"அப்பா கீழ இருக்கும்போது மேல உக்காந்திருக்கது கஷ்டம் இல்ல. கரையில உக்காந்திருக்கதுதான் கஷ்டம். அம்மாட்ட கேளு." குரல் உயரவில்லை. "இப்ப ரெண்டு பேரும் கரையில உக்காரணும்."

முத்துலட்சுமி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அழாதளா, அழாதளா" என்றாள். அவள் அழவில்லை. கம்பம் மாதிரி நின்றாள். "இது ஷாக்கு. போகப்போக சரியாயிடும்" என்று ஒருத்தன் ஜெரினிடம் மெதுவாகச் சொன்னான்.

கமிட்டியிடம் போய்த் திருப்பிக் கேட்டாளாம். படிச்ச பிள்ளைகளே வந்து சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய என்றார்களாம். பாடம் நடத்தும் அம்மா ஒருமுறை திரேஸ்புரம் போய் வந்தார். அவருக்கும் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமைகளில் எனக்கு வண்டி கிடையாது. ஒருநாள் மீன் வாங்கப் போனபோது அவளைக் கடற்கரையில் பார்த்தேன். புதிதாக ஓஸ் பிடிக்க வந்தவனை மணலில் உட்கார வைத்திருந்தாள். ஓஸின் ஒரு முனை அவன் கையில். மறுமுனையை எடுத்துக்கொண்டு ஒரு படகுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றாள். அங்கிருந்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் தன் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏலே, டீச்சரம்மா அடிக்கப் போறாவல" என்றான் ஒருத்தன். "நல்லா இழுல, வெக்கப்படாத" என்றான் இன்னொருத்தன்.

அவன் விளையாட்டாக நாலைந்து இழுப்பு இழுத்தான். அவள் படகைச் சுற்றி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு வந்தா ஒண்ணு. உடனே. கூட இழுத்தா மேல வான்னு அர்த்தம்."

"தெரியும்மா. நாங்களும் கடல்ல பொறந்தவங்கதான். நீ வீட்டுக்குப் போ."

அவள் மறுபடி படகுக்குப் பின்னால் போனாள். மறுபடி இழுத்தாள். அவன் எழுந்து போய்விட்டிருந்தான். ஓஸ் நுனி மணலில் கிடந்தது. பதில் வராததால் அவள் இன்னொரு தடவை இழுத்தாள். ஓஸ் சறுக்கிக்கொண்டு அவள் பக்கம் போனது. நான் மீன் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

துறைக் கருத்தரங்கில் ஜெரின் கட்டுரை படித்தான். கடற்கரைப் பெண்களும் தலையீடும் என்று ஏதோ தலைப்பு. அவள் கையின் படத்தைத் திரையில் காட்டினார்களாம். முத்துலட்சுமி வண்டியில் சொன்னாள், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று. அந்தப் பிள்ளை டயர் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய அப்பாவுக்கு விபத்து அடுத்த பருவக்காற்றுக்கு முன்னால் நடந்தது. எப்படி என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இன்னொரு படகு குறுக்கே வந்து அதன் இன்ஜின் விசிறியில் ஓஸ் அறுந்தது என்பது ஒன்று. அந்தப் படகு வருவதை முதலிலேயே பார்த்துச் சத்தம் போட்டிருக்கலாம், பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது இன்னொன்று. ஓஸில் காற்று நின்றதும் அவர் அடியில் இருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வரக் கூடாது. நின்று நின்று வர வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு முடங்கிவிடும். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டது.

அவள் கல்லூரியை விட்டாள். அம்மா மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போனார். வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அவள் வீட்டோடு நின்றுகொண்டது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. படிப்பு போயிற்றே என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். என்ன செய்வது, பொம்பளைப் பிள்ளைதானே பார்க்க வேண்டும் என்று அவர்களே முடித்தும் வைத்தார்கள்.

வகுப்பு முழுக்க அவளைப் பார்க்கப் போனது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. நான்தான் வண்டி ஓட்டினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, அதை ஒட்டிச் சமையல் செய்ய ஒரு சாய்ப்பு. பையன்கள் நாற்காலியிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். பெண்கள் யாரும் சொல்லாமலே சாய்ப்புக்குள் போய் டம்ளர் கழுவினார்கள்.

அப்பா கட்டிலில் கிடந்தார். கட்டில் காலில் இருந்து ஒரு மஞ்சள் ஓஸ் புறப்பட்டு, சுவர் ஓரமாகப் போய், சாய்ப்புக்குள் நுழைந்தது. அவருக்குக் குரல் எடுத்துக் கூப்பிட முடியவில்லை. காதும் கேட்காது. அதனால் அந்த ஏற்பாடு. நாங்கள் இருக்கும்போதே அவர் ஓஸை மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே இருந்து உடனே ஒரு இழுப்பு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதுவும் வேண்டுமென்று கேட்கவில்லை. சும்மா இழுத்திருக்கிறார்.

அவள் டீ கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். ஜெரின் கையில் கிளாஸை வைத்தவள், வைத்த வேகத்தில் கையை எடுத்துவிட்டாள். அவன் சரியாகப் பிடிக்கவில்லை. டீ அவன் சட்டையில் சிந்தியது. "அய்யோ, பரவாயில்ல பரவாயில்ல" என்றான். அவள் துணி எடுத்துக் கொடுத்தாள். "பிடிச்சாச்சா?" என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

முத்துலட்சுமி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்லவேளை, அன்னைக்கு நீ படகுல இல்லளா" என்றாள். நெஞ்சில் இருந்து சொன்னாள். "இருந்திருந்தா அதப் பாத்துத் தாங்கியிருப்பியா நீ?"

அந்தப் பிள்ளை அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். கட்டில் பக்கம் ஓஸ் அசைந்தது. எழுந்து, பதில் இழுக்க உள்ளே போனாள்.

ஜெரின் அந்த ஓஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஆயிரந்தான் சொல்லுங்க," என்றான் எங்கள் எல்லோரையும் பார்த்து, "ஒரு பொம்பளப் பிள்ளை பாக்கிற மாதிரி வருமா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். கட்டிலில் கிடந்தவருக்கு அது கேட்கவில்லை. சாய்ப்பில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

விடைபெற்று வெளியே வந்தோம். அவள் வாசல் வரை வரவில்லை. பெண்கள் முன்பக்கம் ஏறினார்கள். ஆண்கள் பின்பக்கம் ஏறினார்கள். டயர் சீட்டு காலியாக இருந்தது. நான் இன்ஜினைப் போட்டுவிட்டு, கை ஹாரனுக்குப் பக்கத்தில் இருக்க, உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே கயிறு அசையவில்லை.

"என்ன டிரைவரண்ணே, எடுங்க" என்று பின்னால் இருந்து ஜெரின் குரல் கொடுத்தான். "எல்லாரும் ஏறியாச்சு."